டயரில் எழுதாமல் போன எண்

ஃபோர்டு மாடல் டி காரின் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே டயர் இருக்கவில்லை. 1908இல் விற்பனைக்கு வந்த அந்தக் கார், முன்புறம் 30×3, பின்புறம் 30×3½ என்று இரண்டு அளவு டயர்களோடுதான் பல ஆண்டுகள் ஓடியது. பாரமும் இழுவையும் பின் அச்சில் விழுந்ததால் அங்கே பருமனான டயர் தேவைப்பட்டது. இதைப் பார்த்தால், கைக்குக் கிடைத்த டயரை மாட்டி ஓட்டுவது ஆதியிலிருந்தே உள்ள பழக்கம்தானே என்று தோன்றும். அந்த எண்களை ஊன்றிப் படித்தால் கதை வேறு. 30 என்பது டயரின் மொத்த உயரம், அங்குலக் கணக்கில். மற்றது பருமன். மேலும் கீழும் பருமனைக் கழித்தால் முன் ரிம் 24 அங்குலம், பின் ரிம் 23 அங்குலம். ரிம் வேறு, பருமன் வேறு. தரையில் உருளும் வட்டம் மட்டும் பெயரளவில் ஒன்றே. காருக்கு முக்கியமான அந்த எண்ணை வாங்குபவர் டயரின் பக்கச்சுவரிலேயே படிக்க முடிந்தது.

பிறகு அது மறைந்தது. 1920களில் காற்றழுத்தம் குறைந்த, பருமனான பலூன் டயர்கள் பரவியபோது, பருமனையும் ரிம்மின் விட்டத்தையும் மட்டும் குறிக்கும் முறை நிலைத்தது. 1928 மாடல் ஏ காரின் டயர் 4.50-21. அதன் உயரமும் ஏறக்குறைய 30 அங்குலம்தான், ஆனால் 30 என்ற எண் அதில் இல்லை. பின்னர் வந்த மில்லிமீட்டர் முறை இன்னும் ஒரு திரை போட்டது. 165/80 ஆர்14 என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். வெளிவட்டத்தைப் பெருக்கிக் கூட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடையில் "ரெண்டும் பதினாலுதானே சார்" என்ற பேச்சுக்கு வழிவிட்டது இந்த எழுத்துமுறைதான். 165/80 ஆர்14 டயரின் உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். 185/65 ஆர்14 டயருக்கு 596. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 சுற்று வித்தியாசம். ரிம்மே மாறிய 185/65 ஆர்15 டயரோ 621 மில்லிமீட்டர், முதலாவதோடு ஒட்டி நிற்கிறது. எண் ஒத்துப்போகும் இடத்தில் வட்டம் ஒத்துப்போவதில்லை. எண் விலகும் இடத்தில் ஒத்துப்போகிறது.

இந்த வித்தியாசம் காருக்குள் என்ன செய்கிறது? வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும் என்பதற்காக வந்தது டிஃபரன்ஷியல். நேர்ச்சாலையில் அதன் உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்கள் தம் கம்பியின் மேல் சுழலாமல், கூட்டோடு சேர்ந்து போகும். ஒரே அச்சின் இடமும் வலமும் டயர் உயரம் வேறுபட்டால் அந்த ஓய்வு கிடையாது. சென்னையிலிருந்து திருச்சி வரை நேராக ஓட்டினாலும் வளைவில் திரும்புவதுபோலவே அவை சுழன்று தேயும். வண்டியும் சின்ன டயர் இருக்கும் பக்கம் இழுக்கும். நான்கு சக்கரங்களையும் இயக்கும் ஜீப்பில் இது இன்னும் கடுமை. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. முன்னும் பின்னும் வட்டம் வேறுபட்டால், சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும்; தார்ச்சாலையில் அந்த முறுக்கு முழுவதையும் ஷாஃப்டும் பல்சக்கரங்களும் தாங்க வேண்டும். 1980இல் வந்த ஆடி குவாட்ரோ சாலைக் கார்களில் நான்கு சக்கர இயக்கத்தைப் பிரபலமாக்கியபின் இந்தக் கவலை சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் வந்தது.

பிரேக்கும் வட்டத்தை எண்ணத் தொடங்கியது 1978இல், பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் ஏறியபோது. ஒரு சக்கரம் மற்றவற்றைவிட மெதுவாகச் சுழன்றால் அது பூட்டிக்கொள்கிறது என்று அந்தக் கருவி முடிவுகட்டும். பெரிய டயர் எப்போதுமே மெதுவாகத்தான் சுழலும். சிறு வேறுபாட்டைக் கணினி பொறுத்துக்கொள்ளும். எல்லை மீறினால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், கணிப்பும் பிசகலாம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஆக, வெளிவட்டத்தை நம்பும் இயந்திரங்கள் பெருகப் பெருக, அந்த எண் மட்டும் வாங்குபவர் கண்ணில் படாமலே இருக்கிறது.

தயாரிப்பாளர்களே சின்ன ஸ்டெப்னி தருகிறார்களே, அது மட்டும் சரியா என்று கேட்பது நியாயமான கேள்வி. 1904இல் வேல்ஸின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி பிறந்தபோது, அது ஆரமில்லாத ஒரு வளையம். கழற்ற முடியாத பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துப் பிடியால் இறுக்கப்பட்டது. பழுதுபார்க்கும் இடம்வரை போய்ச் சேர்வதுதான் அதன் வேலை. இன்றைய சின்ன ஸ்டெப்னியிலும் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வேக எல்லை எழுதியிருப்பது அதே காரணத்தால்தான். மாதக்கணக்கில் அதிலேயே ஓட்டுவது நாம் சேர்த்துக்கொண்ட வழக்கம். பந்தயக் கார் பாணியில் பின் டயர் அகலமாக இருப்பதைக் காட்டுபவர்களுக்கு மாடல் டியே பதில்: அகலம் மாறலாம், ஆனால் வடிவமைத்தவர் வட்டத்தைக் கணக்கிட்டிருப்பார், ஓர் அச்சின் இருபுறமும் ஒன்றாக வைத்திருப்பார். "பத்து வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகலை" என்பவர் பொய் சொல்லவில்லை. முன்சக்கர இயக்கக் காரில் பின் அச்சின் இரண்டு டயர்களும் சேர்ந்து சற்று வேறுபட்டால் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. அந்த அனுபவத்தை எல்லா வண்டிக்கும் எல்லா அச்சுக்கும் நீட்டுவதுதான் தவறு. ஒரே அளவிலும் எச்சரிக்கை வேண்டும்: 8 மில்லிமீட்டர் பட்டன் (ட்ரெட்) ஆழமுள்ள புது டயரும், சட்ட எல்லையான 1.6 மில்லிமீட்டர்வரை தேய்ந்த டயரும் உயரத்தில் சுமார் 13 மில்லிமீட்டர் வேறுபடும். அது 2 சதவீதம்.

மொத்த உயரத்தை டயரில் அச்சிட முடியாதா? 31×10.50 ஆர்15 என்று சில ஜீப் டயர்களில் இன்றும் அச்சிடுகிறார்கள். கார் டயருக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, டயர் வாங்கும்போது ஓர் அச்சுக்கு இரண்டாக வாங்குங்கள்; வேறு அளவு போடச் சொன்னால், ரிம் எண்ணைக் கேட்டுத் திருப்தி அடையாமல் மொத்த உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.