வாடகை பாக்கியும் குடித்தனக்காரர் பாதுகாப்பும்: சென்னையின் மேற்குப் புறநகர்கள்

வாடகையைக் குறித்த நாளில் கட்டத் தவறிய குடித்தனக்காரரை வீட்டு உரிமையாளர் உடனே வெளியேற்றலாமா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு 1941 முதல் வெவ்வேறு சட்டங்கள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. 1960-ஆம் ஆண்டுச் சட்டம், பாக்கி ஏன் விழுந்தது என்று கேட்டது. இப்போது நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டம், அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்திற்குள் பாக்கி தீர்க்கப்பட்டதா என்று கேட்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற தொழிலாளர் குடியிருப்புப் பகுதிகளில் இந்த மாற்றத்தின் விளைவு பெரிது. அதன் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

போர்க்காலத் தொடக்கம்

வாடகைக் கட்டுப்பாடு உலகின் பல நாடுகளில் போரின் விளைவாகவே பிறந்தது. முதல் உலகப் போரின்போது, 1915-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாடகை உயர்வை எதிர்த்துப் பெண்கள் போராடினார்கள். மேரி பார்பர் என்பவர் அதில் முன்னின்றார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையை உயர்த்தத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் பம்பாயும் கல்கத்தாவும் அப்போரையொட்டி வாடகைச் சட்டங்களைப் பெற்றன.

சென்னைக்கு இரண்டாம் உலகப் போரின்போதுதான் கட்டுப்பாடு வந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941-இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் திரளாக நகரைவிட்டு வெளியேறினார்கள். அச்சம் தணிந்து அவர்கள் திரும்பியபோது, பிழைப்புத் தேடிவந்த புதியவர்களும் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். 1941 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.77 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1951-இல் 14.16 லட்சமானது. நகர எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம். போர் முடிந்த பிறகும் வீட்டுத் தட்டுப்பாடு நீடித்தது. அதனால் போர்க்கால ஆணைகளின் இடத்தில் 1946-இலும் 1949-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் தொடர்ச்சியாக வந்ததே தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960. அது ஏறத்தாழ 60 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

ஆலைகளும் லைன் வீடுகளும்

இதே காலத்தில் நகரின் மேற்கே தொழில் வளர்ந்தது. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும், அடுத்த பத்தாண்டில் டன்லப் டயர் தொழிற்சாலையும் வந்தன. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை அமைந்தது. போர்க்காலத்திலேயே ராணுவத் தளமாக வளர்ந்திருந்த ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது.

பெரிய நிறுவனங்களிலும் அரசுத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளும், பொதுக் கிணறும் பொதுக் கழிப்பறையும் கொண்ட ஒண்டுக் குடித்தனங்களும் அவர்களுக்கு இடம் தந்தன. ஆர்டர் குறைந்தால் சிறு பட்டறையில் சம்பளம் தள்ளிப்போகும். கதவடைப்போ வேலைநிறுத்தமோ நடந்தால் சம்பளமே நின்றுவிடும். இப்பகுதியில் வாடகை பாக்கிக்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருந்தது. வீட்டு உரிமையாளர்களிலும் பலர் பணக்காரர்கள் அல்லர். ஓய்வூதியப் பணத்தில் இரண்டு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் வாழ்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

"வேண்டுமென்றே தவறியவர்" யார்?

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தேதி கடந்து 15 நாட்களுக்குள் வாடகையைச் செலுத்த வேண்டும். தேதி குறிக்கப்படவில்லை என்றால், அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் உரிமையாளர் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் வெளியேற்ற மனு தாக்கல் செய்யலாம். ஆனால் அத்தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டதன்று என அலுவலர் கருதினால், பாக்கியைக் கட்ட 15 நாட்கள் வரை அவகாசம் தரலாம். அதற்குள் கட்டிவிட்டால் மனு தள்ளுபடியாகும்.

வேண்டுமென்றே தவறுவது எது என்பதில் குழப்பம் நிலவியதால், 1973-இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. வாடகை கேட்டு உரிமையாளர் இரண்டு மாத அறிவிப்பு கொடுத்த பிறகும் பாக்கி நீடித்தால், அது வேண்டுமென்றே செய்த தவறாகக் கொள்ளப்படும் என்றது அவ்விளக்கம். 1985-இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. வெறும் தவறு வேறு, பின்விளைவை அறிந்தே செய்யும் தவறு வேறு என்றும், உரிமையாளர் அறிவிப்பு கொடுக்காத வழக்குகளில் குடித்தனக்காரரின் சூழ்நிலையை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. நோயால் அல்லது வேலையிழப்பால் பாக்கி வைத்தவர் தம் நிலையை எடுத்துச் சொல்ல இதனால் இடம் கிடைத்தது.

இந்தப் பாதுகாப்புக்கு நிபந்தனையும் உண்டு. வெளியேற்ற மனுவை எதிர்த்து வாதாட வேண்டுமானால், குடித்தனக்காரர் பாக்கியைச் செலுத்த வேண்டும். வழக்கு நடக்கும் மாதங்களின் வாடகையையும் தவறாமல் செலுத்திவர வேண்டும். தவறினால், போதிய காரணம் காட்டாவிட்டால், வாதம் கேட்காமலே வெளியேற்ற உத்தரவு பிறக்கும். வழக்குப் போட்டுவிட்டால் வாடகை தர வேண்டாம் என்ற எண்ணம் சட்டத்திற்கு முரணானது.

உரிமையாளர் வாடகை வாங்க மறுத்து, பிறகு பாக்கி என்று வழக்குத் தொடுப்பதும் நடந்தது. இதற்கும் சட்டம் வழி சொன்னது. பத்து நாட்களுக்குள் ஒரு வங்கியைக் குறிப்பிடுமாறு உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அவர் குறிப்பிடாவிட்டால் வாடகையை மணியார்டரில் அனுப்ப வேண்டும். அதையும் வாங்க மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் செலுத்த அனுமதி கேட்கலாம். திரும்பி வந்த மணியார்டர் சீட்டுகளைப் பலர் பத்திரப்படுத்தி வைத்ததன் காரணம் இதுவே.

அட்வான்ஸ் கணக்கு

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். 1960-ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 300 ரூபாய், அட்வான்ஸ் 3,000 ரூபாய் என்று கொள்க. சட்டப்படி வாங்கக்கூடியது 300 ரூபாய். மீதி 2,700 ரூபாய் ஒன்பது மாத வாடகைக்குச் சமம். அப்படியானால் மூன்று மாதம் பாக்கி வைத்த குடித்தனக்காரர் உண்மையில் கடனாளியா?

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. வரம்புக்கு மேல் வாங்கிய முன்பணம் உரிமையாளரிடம் இருந்து, அது பாக்கியை ஈடுகட்டப் போதுமானால், குடித்தனக்காரர் வேண்டுமென்றே தவறியவர் ஆகமாட்டார் என்பதே அதன் சாரம். ஒரு மாத வரம்பு விதித்த பழைய சட்டத்தை ஒட்டிய தீர்ப்பு இது. புதிய சட்டத்தின்கீழ் அப்படியே பொருந்தும் என்று நம்பி வாடகையை நிறுத்திவிடக் கூடாது.

சட்டம் எட்டாத இடங்கள்

1960-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை, மதுரை மாநகரங்களுக்கும் நகராட்சிகளுக்கும் உரியது. அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டால் ஒழிய, ஊராட்சிப் பகுதிகளுக்கு அது பொருந்தாது. மேற்குப் புறநகரில் இது பெரிய இடைவெளி. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைந்த பின்னரும், அருகிலுள்ள அயப்பாக்கம் ஊராட்சியாகவே தொடர்ந்தது. பார்வைக்கு ஒரே ஊராகத் தோன்றும் இரண்டு தெருக்களுக்கு இரண்டு வேறு சட்டங்கள் பொருந்தக்கூடிய நிலை இருந்தது.

புதிதாகக் கட்டிய கட்டடங்களுக்கு ஐந்தாண்டு விலக்கும் இருந்தது. வேகமாக வீடுகள் எழுந்த புறநகரில் இவ்விலக்கு பலரைத் தொட்டது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கும் ஒரு காலத்தில் பாதுகாப்பு இல்லை. விலைவாசி ஏற்றத்தில் அந்த வரம்பு பொருளற்றதாகிவிட்டது. கடைகளுக்கு இத்தகைய வரம்பு இல்லாதபோது வீடுகளுக்கு மட்டும் இருப்பது சமத்துவத்திற்கு எதிரானது என்று கூறி, 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சட்டம் எட்டாத இடங்களில் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பொருந்தியது. மாத வாடகைக் குடித்தனத்தை 15 நாள் அறிவிப்பில் முடிக்க அது இடம் தருகிறது. ஆனாலும் அதன் 114-ஆம் பிரிவு கவனிக்கத்தக்கது. பாக்கியைக் காரணம் காட்டி ஒப்பந்த உரிமை பறிக்கப்படும்போது, பாக்கியையும் வட்டியையும் வழக்குச் செலவையும் குடித்தனக்காரர் செலுத்தினால், நீதிமன்றம் அவரை வெளியேற்றாமல் விடலாம்.

2019-இல் வந்த மாற்றம்

2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. நியாய வாடகை என்ற பழைய கருத்து போய், இருவரும் ஒப்புக்கொண்ட தொகையே வாடகை என்றானது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே வெளியேற்றத்திற்கு ஒரு காரணமாகலாம். வாய்ப்பேச்சில் குடிவந்து பல்லாண்டு வாழ்பவருக்கு இந்த விதி மிக முக்கியம்.

வாடகை பாக்கியைப் பொறுத்தவரை, இரண்டு மாத வாடகையை வட்டியுடன் கேட்டு உரிமையாளர் அறிவிப்பு அனுப்பி, அது கிடைத்த ஒரு மாதத்திற்குள் முழுவதும் செலுத்தப்படாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற மனு தாக்கல் செய்யலாம். வேண்டுமென்றே தவறினாரா என்ற பழைய விசாரணைக்கு இங்கே இடமில்லை. முன்பு காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்கலாம். இன்று அந்த ஒரு மாதமே அவகாசம்.

பழைய சட்டத்திலிருந்து தொடரும் பாதுகாப்புகளும் உண்டு. வாடகைக்கு ரசீது கேட்பது உரிமை. உரிமையாளர் வாடகை வாங்க மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்தலாம். பாக்கி இருக்கிறது என்பதற்காக மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிக்கக் கூடாது. துண்டித்தால் உடனடி உத்தரவு கேட்டு அதே அமைப்பிடம் மனு செய்யலாம். முன்பணத்திற்கு மூன்று மாத வாடகையைச் சட்டம் வரம்பாகச் சொல்கிறது. எனினும் அதற்கு மேல் எழுதி வாங்கும் வழக்கம் நின்றபாடில்லை.

நீதிமன்ற உத்தரவின்றி வீட்டைப் பூட்டுவதற்கும் சாமான்களை வெளியே வைப்பதற்கும் உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. உத்தரவு இல்லாமல் காலி செய்யச் சொல்லக் காவல்துறைக்கும் அதிகாரம் இல்லை. அப்படி வெளியேற்றப்பட்டவர், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் என்று வழக்கறிஞர்கள் சொல்லும் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து வீட்டை மீண்டும் பெறலாம்.

கொரோனா காலம்

புதிய சட்டம் வந்து ஓராண்டு ஆனபோது, 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தது. தொழிற்பேட்டைகள் மூடப்பட்டன. மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் உத்தரவிட்டது. புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகையைக் கேட்கக் கூடாது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ காலி செய்யக் கட்டாயப்படுத்தினால் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றது அது. 1941-இல் போரைப் போல, 2020-இல் நோய்த்தொற்று அரசை வாடகை விஷயத்தில் தலையிட வைத்தது. ஆனால் இம்முறை தலையீடு குறுகியது. வாடகையால் வாழும் சிறு உரிமையாளரின் இழப்பை ஈடுசெய்ய அந்த உத்தரவில் ஏற்பாடு எதுவும் இல்லை.

உதவி பெறும் வழி

2018-இல் சென்னை மாவட்டம் விரிவடைந்தபோது அம்பத்தூர் அதில் சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடர்கின்றன. வாடகை அதிகார அமைப்பு மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படுவதால், வீடு எந்த மாவட்டத்தில் உள்ளது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு, 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவச உதவி தருகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருடன் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வருமான வரம்பின்றி இவ்வுதவிக்கு உரியவர்கள். அம்பத்தூர், ஆவடிப் பகுதித் தொழிலாளர்களில் பலர் இதை அறிவதில்லை. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. தவணையில் பாக்கியைத் தீர்க்க இரு தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். அறிவிப்பு வந்ததும் அது கிடைத்த தேதியை உறையின் மேல் குறித்துவைக்க வேண்டும். ஒரு மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.