உடன்பிறந்தார் தாயபாத்தியதை: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

உயில் எழுதாமல், மனைவி மக்களுமின்றி ஒருவர் காலமானால், அவர் சொத்தில் சகோதர சகோதரிகளுக்கு உண்டாகும் உரிமையே உடன்பிறந்தார் தாயபாத்தியதை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சமவெளி இந்துக்களுக்கு ஒரு நெறியும் கல்வராயன் மலைவாசிகளுக்கு வேறு நெறியும் உண்டு.

யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாட்சரம் என்னும் வியாக்கியானமே தென்னாட்டில் நெடுங்காலம் பிரமாணமாக விளங்கிற்று. அதன்படி, பாகம் பிரிந்தவன் ஆண் சந்ததியின்றி இறந்தால், அவன் சொத்து மனைவி, மகள், மகள் வயிற்றுப் பேரன், தாய், தந்தை என்னும் கிரமத்தில் இறங்கி, இவர்களுள் ஒருவரும் இல்லாதபோதே சகோதரனையும், அவனுக்குப் பின் அவன் புத்திரனையும் சேரும். தந்தைக்கு முன்னே தாயை நிறுத்திய நுட்பம் பாராட்டத்தக்கது. சகோதரர்களுள்ளும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன் மாற்றாந்தாய் மகனுக்கு முற்பட்டவன். சகோதரியோ சென்னை ராஜதானியில் தூரத்துப் பந்துக்களோடு எண்ணப்பட்டிருந்தாள். 1929ஆம் ஆண்டுச் சட்டமே அவளைத் தந்தைவழிப் பாட்டனாருக்குப் பின்னும் பெரியப்பன் சிற்றப்பன்மாருக்கு முன்னும் கொண்டுவந்து வைத்தது.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் இரண்டாம் வகுப்பு வாரிசுகளில் தந்தைக்கு அடுத்த படியில் சகோதரனையும் சகோதரியையும் சமமாக அமர்த்தியது. சங்கராபுரத்துக் குடியானவர் ஒருவர், தாய் தந்தையர் முன்பே இறந்துவிட, சுயார்ஜிதமான 6 ஏக்கர் நஞ்சையை விட்டுச் சென்றார் என்று கொள்வோம். இரு தம்பிகளும் ஒரு தங்கையும் ஆளுக்கு 2 ஏக்கர் பெறுவர். முன்னரே இறந்த அண்ணனின் மகனுக்கு, அவன் கீழ்ப்படியைச் சேர்ந்தவனாதலால், ஒரு சென்ட்டும் இல்லை. தாய் உயிரோடிருந்தால் அவள் முதல் வகுப்பு வாரிசாதலால் 6 ஏக்கரும் அவளுக்கே.

கல்வராயன் மலையின் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து குடியேறியவர் என்பது கர்ணபரம்பரை. உடன்பிறந்தார் மூவருள் பெரியண்ணன் சேர்வராயன் மலையையும், நடுவண்ணன் பச்சைமலையையும், சின்னண்ணன் கொல்லிமலையையும் அடைந்தார்களாம். உடன்பிறந்தார் பங்கீட்டிலேயே தொடங்கும் வம்ச கதை! கல்வராயன் மலையோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகியோரின் மூன்று ஜாகீர்களாக இருந்து, பின்னர் அரசின் வசமாயிற்று. அட்டவணைப் பழங்குடியினருக்கு, மத்திய அரசு அறிவிக்கை செய்தாலன்றி, 1956ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவே விலக்கியிருப்பதால், இங்கே வழக்கமே சட்டமாக இருந்துவந்தது. பூமி ஆண் வழியில் இறங்கிற்று, சகோதரி சீரோடு திருப்தியடைந்தாள்.

ஆயினும், தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டென்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.