இரண்டு வாடிக்கையாளர், ஒரே 239.1.1.1

நான் பார்த்துக்கொண்ட நெட்வொர்க்கில் ஒரு பங்குத் தரகு நிறுவனம் விலை விவரங்களை 239.1.1.1 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு அனுப்பியது. வேறொரு வாடிக்கையாளர் தன் வகுப்பு வீடியோவையும் அதே 239.1.1.1-க்குத்தான் அனுப்பினார். இரண்டும் ஒரே ரவுட்டர்கள் வழியே ஓடின, ஒருநாளும் கலந்ததில்லை. இது எளிதில் வந்துவிடவில்லை.

அனுப்புபவர் ஒரு பிரதிதான் அனுப்புவார், பாதை பிரியும் இடத்தில் ரவுட்டரே நகலெடுக்கும். ஸ்டீவ் டீரிங் 1989-இல் ஆர்எஃப்சி 1112-இல் எழுதிய மல்டிகாஸ்ட் அடிப்படை இது. அன்றைய ரவுட்டர்கள் பலவற்றுக்கு இது தெரியாது. அதனால் 1992 மார்ச்சில் சான் டியேகோ ஐஇடிஎஃப் கூட்டத்தின் ஒலி, சாதாரண பாக்கெட்டுக்குள் பொதியப்பட்டு, டனல் வழியாக 20 இடங்களுக்குப் போனது. எம்போன் என்ற மல்டிகாஸ்ட் வலை பிறந்தது அப்படித்தான்.

1999-இல் எரிக் ரோசனும் யாகோவ் ரெக்டரும் ஆர்எஃப்சி 2547-இல், ஒரே நெட்வொர்க்கில் பல வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்கும் எம்பிஎல்எஸ் விபிஎன்னை விவரித்தார்கள். விளிம்பு ரவுட்டரில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ரூட்டிங் அட்டவணை; நடுவிலுள்ள ரவுட்டர்களுக்கு வாடிக்கையாளர் முகவரி எதுவுமே தெரியவேண்டியதில்லை. மல்டிகாஸ்ட்டோ வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் தன்னை அறிந்திருக்க வேண்டும் என்கிறது. இந்த முரணுக்கு ரோசன் கண்ட விடையும் பொதிவதுதான்: ஒரு விபிஎன்னுக்கு நடுநெட்வொர்க்கில் ஒரே குழு முகவரி. வாடிக்கையாளரின் பாக்கெட்டை விளிம்பு ரவுட்டர் ஜிஆர்இ உறைக்குள் போட்டு அந்த முகவரிக்கு அனுப்பும். உள்ளே இருப்பது 239.1.1.1 என்பது நடுவிலுள்ளவற்றுக்குத் தெரியாது. மறுமுனை உறையைப் பிரித்து, உரிய அட்டவணையில் சேர்க்கும்.

இதில் விரயம் உண்டு. யாரும் பார்க்காத கிளைக்கும் வீடியோ போய், விளிம்பில் வீணாகக் கொட்டப்படும். அதனால் ஓட்டம் ஓர் அளவைத் தாண்டினால், கேட்பவர்களுக்கு மட்டுமான டேட்டா எம்டிடி என்ற தனி மரத்துக்கு மாற்றினார்கள். இந்த முறையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி அதுதான்.

ஆனால் மல்டிகாஸ்ட் மரத்தை அமைக்க ரவுட்டர்கள் பேசிக்கொள்ளும் பிம் நெறிமுறையின் அண்டைத் தொடர்புகள்தான் உண்மையான சுமை. ஒரு விபிஎன்னில் 50 விளிம்பு ரவுட்டர் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 49 அண்டையர். வழக்கமாக 30 விநாடிக்கொரு ஹலோ. இது ஒவ்வொரு விபிஎன்னுக்கும் தனித்தனியாக.

பல ஆண்டுகள் வரைவாகவே ஓடிய ரோசன் முறை, 2010 அக்டோபரில் ஆர்எஃப்சி 6037-ஆக வெளிவந்தபோது ‘வரலாற்றுக்குரியது’ என்ற வகையில் சேர்க்கப்பட்டது. அன்றும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அப்படிப் பதிந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2012-இன் ஆர்எஃப்சி 6514 அந்த ஹலோ கூட்டத்திலிருந்து விடுதலை தந்தது: குழுவில் சேரும் கோரிக்கையே பிஜிபி ரூட்டாகப் போகிறது. ஏழு வகை ரூட்டுகளில் 6, 7 அதற்கானவை. படம் வரவில்லை என்று அழைப்பு வந்தால், நான் முதலில் தேடுவது ஏழாம் வகையை.