கல்பாத்தித் தேரை சிங்கப்பூர் வரை கொண்டுபோகும் லேசர்: கடலுக்கடியில் என்ன நடக்கிறது?

கல்பாத்தித் தேர் தெருமுனை திரும்புவதை சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு வீடியோ காலில் காட்டுகிறீர்கள் என்று வையுங்கள். வீட்டில் ஃபைபர் இணைப்பு என்றால், மோடத்துக்குள் இருக்கும் அரிசிமணியை விடச் சிறிய லேசர் டையோடுதான் அதை ஒளியாக மாற்றி அனுப்புகிறது.

மின்சாரம் ஓர் அளவைத் தாண்டினால்தான் டையோடு லேசராக வேலை செய்யும். அந்த எல்லையை ஒட்டி வைத்து, மின்சாரத்தைச் சட்சட்டென்று கூட்டிக் குறைத்தால் ஒளித்துடிப்புகள் கிடைக்கும். பரவலாக உள்ள ஜிபான் இணைப்பில், வீட்டிலிருந்து கிளம்பும் ஒரு பிட்டுக்கு சுமார் 0.8 நானோவினாடிதான். இழைக்குள் அதன் நீளம் 16 செ.மீ., ஒரு சாண்கூட வராது.

இதைவிடக் குறுகியதும் முடியும். மின்சாரத்தை ஒரேயடியாகப் பாய்ச்சினால் முதலில் ஒரு கூர்மையான ஒளிவீச்சு வரும்; இரண்டாவது வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும். சில பத்து பிக்கோவினாடித் துடிப்பு ரெடி. 'கெயின் ஸ்விட்சிங்' என்பது இதுதான்.

துடிப்பை உண்டாக்குவது சுலபம். தூரம்தான் பிரச்னை.

100 கி.மீ.க்கு நூறில் ஒரு பங்கு

சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கடலடி கேபிள் 2002 முதல் இயங்குகிறது. நீளம் சுமார் 3,200 கி.மீ. நல்ல இழையில்கூட 100 கி.மீ. போனால் ஒளியில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் வழிநெடுக ஆம்ப்ளிஃபையர்கள் வேண்டும்.

அங்கேயும் வேலை செய்வது டையோடுதான், வேறு வேலை. 980 நானோமீட்டர் டையோடு, எர்பியம் கலந்த சில மீட்டர் இழைக்கு விடாமல் ஆற்றல் ஏற்றிக்கொண்டே இருக்கும். 1,550 நானோமீட்டர் அளவில் துடிப்பு கடக்கும்போது எர்பியம் அதே நிறத்தில், அதே திசையில் ஒளியைச் சேர்த்துவிடும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழு 1987-ல் இதைச் செய்து காட்டியது.

நேரடியாக டையோடு போன்ற சிப்பிலேயே பெருக்கக் கூடாதா? பெருக்கலாம். ஆனால் முந்தைய பிட் தின்ற ஆற்றல் திரும்புவதற்குள் அடுத்த பிட் வந்துவிடும், உருவம் கெடும். எர்பியம் ஏற்றிய ஆற்றலை சுமார் 10 மில்லிவினாடி பிடித்து வைத்திருக்கும். ஒரு பிட் வந்து போனது அதற்கு உறைக்கவே உறைக்காது! ஆனால் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

ஆழ்கடலில் டையோடு செத்தால் கப்பல் போய் கேபிளைத் தூக்க வேண்டும். அதனால்தான் 25 ஆண்டு தாங்கும்படி வடிவமைத்து, உபரி டையோடுகளும் வைக்கிறார்கள்.

வீட்டு ஃபைபர் முனையைக் கழற்றி எரிகிறதா என்று எட்டிப் பார்க்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.