ஆப்பிரிக்க அகழ்: அரணா, வாயிலா?

அகழ் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஹிஜ்ரி 5ஆம் ஆண்டின் கன்தக்தான். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி மதீனாவின் வடபுறத்தில் அது தோண்டப்பட்டது. குறைஷியரின் குதிரைப்படையை அது தடுத்து நிறுத்தியது. அதன் நோக்கத்தில் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் எல்லா அகழ்களையும் இந்த ஒரே கண்ணால் பார்ப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. வட ஆப்பிரிக்காவில் ரோமர் விட்டுச்சென்ற ‘ஃபொஸ்ஸாட்டும்’ இதற்குத் தக்க சான்று.

இன்றைய அல்ஜீரியாவில் பிஸ்க்ராவுக்குத் தெற்கே ஜதீ ஓடையை ஒட்டியும் ஹுத்னா மலைகளைச் சுற்றியும் இந்த அகழ் துண்டுதுண்டாக ஓடுகிறது. துண்டுகளைக் கூட்டினால் ஏறத்தாழ 750 கிலோமீட்டர். அகலம் பெரும்பாலும் 4 முதல் 6 மீட்டர். தோண்டிய மண்ணே கரை. இடையிடையே காவற்கோபுரங்களும் வாயில்களும் உண்டு. ஒரு பகுதியை அவ்வட்டார மக்கள் ‘ஸாகியா’, அதாவது நீர்க்கால்வாய், என்றே அழைத்து வந்தனர். பிரெஞ்சு விமானப்படை அதிகாரி ழான் பரதே வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு 1949இல் வெளியிட்ட நூலே இதன் முழு வடிவத்தை உலகறியச் செய்தது.

நாகரிகத்தையும் நாடோடிகளையும் பிரித்த படையரண் என்பதே குடியேற்ற ஆட்சிக்கால அறிஞர் பலரின் முடிவு. அல்ஜீரியாவை ஆண்டவர்களுக்கு அது உவப்பான முடிவாக இருந்ததில் வியப்பில்லை. எனினும் சான்றுகள் வேறு கூறுகின்றன. வட ஆப்பிரிக்கா முழுமைக்கும் ரோமரிடம் இருந்தது ஒரே லீஜியன். அதற்குத் துணைப்படைகள் சில. இவ்வளவு நீண்ட அகழை அவர்கள் ஆள் நிறுத்திக் காப்பது இயலாது. ஒரு படை சற்று முயன்றால் அதைக் கடந்துவிடும். ஆட்டு மந்தையோ கடவாது. கொள்ளையிட்ட கால்நடைகளை ஓட்டிச் செல்பவனும் விரைந்து கடக்க முடியாது. எனவே அனைவரும் வாயிலுக்கே வந்தாக வேண்டும்.

மேய்ச்சற்குடிகள் கோடையில் வடக்கே அறுவடை நிலங்களை நாடிச் செல்வதும், குளிர்காலத்தில் பாலைக்குத் திரும்புவதும் தொன்றுதொட்ட வழக்கம். உழவருக்கு அறுவடைக் கூலியாட்களும் எருவும் தேவைப்பட்டன. இப்போக்குவரத்தை ரோமர் நிறுத்த விரும்பவில்லை, கணக்கிட விரும்பினர் என்றே நாம் கருதுகிறோம். ஹுத்னாவுக்கு வடக்கேயுள்ள ஸராயில் கிடைத்த கி.பி. 202ஆம் ஆண்டுச் சுங்கக் கல்வெட்டு ஓர் அடிமைக்கும் ஒரு குதிரைக்கும் தலா ஒன்றரை தெனாரியம் விதிக்கிறது (நம் தீனாரின் மூதாதை இதுவே). சந்தைக்குச் செல்லும் மந்தைகளுக்கோ அதில் வரிவிலக்கு! வரவைத் தடுக்க நினைத்தவர் இவ்வாறு எழுதுவாரா?

கி.பி. 409ஆம் ஆண்டின் பேரரசாணை இன்னும் தெளிவானது. எல்லையையும் அகழையும் பேணுவதற்காகவே அங்குள்ள நிலங்கள் முன்னோரால் உள்ளூர்க் குலத்தாருக்கு வழங்கப்பட்டன என்கிறது அது. யாரைத் தடுக்க அகழ் வெட்டப்பட்டது என்றார்களோ, அவர்களின் இனத்தாரே அதன் காவலர்!

கி.பி. 683இல் உக்பா பின் நாஃபிஉ (ரஹ்) உயிர்நீத்த தஹூதா, இதே எல்லைப் பகுதியில் ரோமர் கோட்டை இருந்த ஊர்தான். ‘ஃபொஸ்ஸாட்டும்’ என்னும் சொல்லும் அழியவில்லை. கிரேக்கத்தில் படைமுகாம் என்னும் பொருள் பெற்று, அம்ரு பின் ஆஸ் (ரலி) எகிப்தில் நிறுவிய ஃபுஸ்தாத்தின் பெயரில் அது வாழ்கிறது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. அரபு அகராதிகளோ ஃபுஸ்தாத்துக்கு மயிரால் நெய்த கூடாரம் என்றே பொருள் தருகின்றன.