பாட்டியின் பவுனும் இருநூறு வெள்ளியும்



பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாளேட்டிலிருந்து வெட்டிய படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பேங்க் நெகாரா 2001 ஜூலை 17-இல் வெளியிட்ட 'கிஜாங் எமாஸ்' தங்க நாணயத்தின் படம் அது. "சார், இதில் இருநூறு ரிங்கிட் என்று போட்டிருக்கிறதே. இருநூறு கொடுத்தால் தருவார்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தவற்றை நானும் ஒருமுறை செய்தவன்.

விடை நம் பேச்சிலேயே இருக்கிறது. ரிங்கிட்டை நாம் 'வெள்ளி' என்கிறோம். முற்காலத்தில் பணம் என்பது உண்மையாகவே வெள்ளி உலோகம். 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லும் பழைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் பல்போன்ற விளிம்பைக் குறித்ததே.

1903-இல் நீரிணைக் குடியேற்ற அரசு தன் சொந்த வெள்ளி டாலரை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 27 கிராம். நெகிரி செம்பிலானிலும் அதுவே புழங்கியது. 1906-இல் அதன் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுண்ட். அந்நேரம் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறிற்று. நாணயத்தின் முகமதிப்பைவிட அதிலுள்ள உலோகத்தின் விலை மிகுந்தது. உருக்கி விற்றால் இலாபம் என்றால் எந்த நாணயம் கடைத்தெருவில் தங்கும்? அரசு 1907-இல் எடையை 20 கிராம் அளவுக்குக் குறைத்தது. 'ஒரு டாலர்' என்ற எழுத்து மாறவில்லை. கால் பங்கு உலோகம் போய்விட்டது.

தங்கத்தின் கதையோ வேறு. நாம் பவுன் என்று சொல்லும் பிரிட்டிஷ் சவரனின் எடை 7.98 கிராம், அதில் தூய தங்கம் 7.32 கிராம். மதிப்பு எதுவும் அதில் பொறிக்கப்பட்டிருக்காது. சட்டப்படி அது ஒரு பவுண்ட். நம் பணத்தில் 8 வெள்ளி 57 காசு. 1920-களின் இறுதியில் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் பெண்ணின் நாள் கூலி 40 காசு. உண்ணாமல் உடுத்தாமல் 21 நாள் பால்மரம் சீவினால் ஒரு பவுன்!

சுவா தோட்ட லயத்தில் வாழ்ந்த என் பாட்டியிடம் அத்தகைய பவுன்கள் இரண்டு இருந்தன. சுருக்குப் பையில் முடிந்து இடுப்பில் செருகியிருப்பார்.

ஜப்பானியர் காலம் வந்தது. தாத்தாவைச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசென்றனர், அவர் திரும்பவில்லை. பாட்டியின் கூலி வாழைமரம் அச்சிட்ட நோட்டாக வந்தது. அதில் பத்து வெள்ளி என்று பெரிதாகத்தான் போட்டிருந்தது. ஆனால் நாளுக்கு நாள் அதற்குக் கிடைத்த பொருள் சுருங்கியது. என் தந்தை காய்ச்சலில் கிடந்தபோது, ஒரு பவுனைக் கொடுத்துத்தான் அரிசியும் கொயினா மருந்தும் வாங்கினாராம். 1945-இல் வெள்ளைக்காரன் திரும்பியதும் வாழைமர நோட்டு செல்லாதென அறிவிக்கப்பட்டது. பாட்டியின் தகரப் பெட்டி நிறையக் காகிதம். இடுப்பில் ஒற்றைப் பவுன்.

1985-இல் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற நான், படித்த மிடுக்கில் நாளேட்டின் நாணயமாற்றுப் பட்டியலைப் பார்த்து, "பாட்டி, ஒரு பவுண்டுக்கு மூன்று வெள்ளிச் சொச்சந்தான்!" என்றேன். பாட்டி காசை உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். "அது காகிதத்துக்கு, ஐயா. இது உங்க அப்பனோட உயிரு" என்றார். பிரிட்டன் 1931 செப்டம்பர் 21-இல் தங்க அடிப்படையைக் கைவிட்டபோதே காகிதப் பவுண்டும் தங்கப் பவுனும் வழிபிரிந்தன என்பதை நான் பின்னரே படித்தறிந்தேன். அன்று அந்தப் பவுனின் தங்கம் மட்டுமே 150 வெள்ளிக்கு மேல் பெறும்.

கிஜாங் எமாஸின் இருநூறும் இத்தகையதே. அது ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் தூய தங்கம். வெளியிட்ட ஆண்டிலேயே அதன் உலோக மதிப்பு ஆயிரம் வெள்ளியை ஒட்டியிருந்தது. 2024 இறுதியில் பத்தாயிரத்தைத் தாண்டியது. பொறித்த எண், இது நாட்டின் சட்டப்படியான நாணயம் என்பதற்கான முத்திரை. விலையை அன்றன்றைய தங்கச் சந்தையே சொல்கிறது. எண் உலோகத்தைவிட மிகுந்திருந்தால், தங்கம் வாங்கிக் கள்ள நாணயம் அடிப்போர்க்குக் கொண்டாட்டம். எண் குறைவாயிருப்பதால் எவரும் அதை இருநூறுக்குச் செலவிட மாட்டார். உருக்கவும் தேவையில்லை, நாணயமாகவே தங்கத்தின் விலைக்கு விற்கலாம்.

அந்த மாணவிக்கு இவ்வளவும் சொன்னேன். இறுதியில் அவள் கேட்டாள்: "அந்த இன்னொரு பவுன் எங்கே, சார்?"

என் பயிற்சிக் கல்லூரிச் செலவுக்காக அதையும் பாட்டி விற்றுவிட்டார். அந்தப் பவுன்தான் உங்கள்முன் ஆசிரியராக நிற்கிறது என்றேன்.