இராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவும் நம் வீட்டுப் பேறுகாலமும்

இராணிப்பேட்டையில் 1866-ஆம் ஆண்டு ஸைலஸ் ஸ்கட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய சகோதரரின் மகளாக 1870 டிசம்பர் 9 அன்று இதே ஊரில் பிறந்தவர் ஐடா ஸ்கட்டர். வேலூர் சி.எம்.சி. அவர் நிறுவியது என்பதை யாவரும் அறிவர். அதன் தொடக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் துயரமும் இருப்பதை நம்மில் பலர் அறியோம்.

1890-ஐ ஒட்டிய காலம். மருத்துவரான தந்தையுடன் இளம்பெண் ஐடா திண்டிவனத்தில் தங்கியிருந்தார். ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா மன்றாடியும் அவர்கள் இசையவில்லை. அந்நிய ஆடவர் பார்க்கலாகாது என்றனர். காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தனர். ஐடா அமெரிக்கா சென்று, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது.

அந்த முஸ்லிம் கணவரைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவர் கேட்டது தவறான ஒன்றன்று. பெண் மருத்துவரைத்தான் கேட்டார். சென்னையில் 1885-லேயே கோஷாப் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றியிருந்தது. திண்டிவனத்தில் அத்தகைய வசதி இல்லை. எனினும், நிர்ப்பந்தம் ஏற்படின் ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு ஃபிக்ஹு நூல்கள் இடமளிக்கின்றன. அந்த இரவில் அதை அவருக்கு எடுத்துரைக்க ஒருவரும் இல்லாமற் போனார்.

குறைமாதப் பிள்ளையைப் பற்றியும் நம் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. ஆறே மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண்மீது பழி விழுந்தது. கர்ப்பமும் பால்குடி மறப்பதும் சேர்ந்து முப்பது மாதம், பால்குடி மட்டும் இரண்டாண்டு என்னும் இரு இறைவசனங்களைச் சேர்த்துக் கணக்கிட்டு, கர்ப்பத்தின் குறைந்த காலம் ஆறு மாதம் என அலீ (ரலி) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். உமர் (ரலி) காலத்தில் என்றும், உஸ்மான் (ரலி) காலத்தில் என்றும் இருவகையாக அறிவிப்புகள் உள்ளன. ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வதற்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, மருத்துவத்திலும் இல்லை. ஒவ்வொரு வாரம் கூடுதலாகக் கருவில் இருப்பதும் பிள்ளைக்கு நன்மையே.

37 வாரம் நிறையுமுன் வலி கண்டால் வீடா, மருத்துவமனையா? 1972-இல் நியூஸிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி எனும் மருத்துவர்கள், தாய்க்குச் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி குறைமாதப் பிள்ளையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துவதை நிறுவினர். அப்படியானால் ஊசியை வீட்டருகிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கிராம அளவில் அவ்வாறு செய்து பார்த்தனர். 2015-இல் வெளியான முடிவின்படி சிசு மரணம் குறையவில்லை. மொத்தத்தில் சற்றே கூடியது. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தது. கர்ப்ப வாரத்தை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, பிறந்த பிள்ளையைப் பராமரிக்கும் வசதியுடன் அதே ஊசியைப் போட்டபோது மரணம் குறைந்தது. ஊசி முழுப் பயன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். வலி தணியுமா எனக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்கும் இரவு, அந்த ஒரு நாளிலிருந்துதான் கழிகிறது.

வலி நின்று, பரிசோதனையும் திருப்தியாக இருந்தால் மருத்துவரே வீட்டுக்கு அனுப்புவார். அதன்பின் படுத்தே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை.

பிள்ளை பிறந்தபின் வீட்டாருக்கு வேலை மிகுதி. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையொன்றில், சிசுவைத் தாயின் மார்போடு தோல் பட அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினர். கங்காரு பராமரிப்பு என்பது அதுவே. தாய் களைத்தால் தந்தை அணைக்கலாம், நன்னிமாரும் அணைக்கலாம்.